புகழ் என்னும் சொல்லின் வேர்

ஒருவர் ஆற்றிய செயலோ, அவரிடம் அமைந்த பண்போ, அவரைக் கண்டறியாதார் வாயிலும் நற்சொல்லாய் வழங்குமாயின், அவ்வழக்கிற்குப் புகழ் என்று பெயர். ஆகவே புகழ் உடையவரிடத்து உறைவதன்று, உரைப்பவரிடத்து உறைவது. தமிழில் இச்சொல் பெயராகவும் வினைப்பகுதியாகவும் ஒரே வடிவில் நிற்கின்றது. மலையாளத்தில் புகழ், பழங்கன்னடத்தில் பொகழ், தெலுங்கில் பொகடு எனத் தொடர்கின்றது. இம்மொழிகள் கிளை பிரியுமுன்னரே வேரூன்றிய சொல் இஃது எனக் கொள்வதே சொற்பிறப்பியல் நெறி.

ஆங்கிலத்தின் ஃபேம் என்பதற்கு மூலமான இலத்தீன் ஃபாமா, பேசுதல் என்னும் வேரினின்று பிறந்தது. கிரேக்கத்தின் கிளெஓசு, கேட்டல் என்னும் வேரினின்று பிறந்தது. ஆயின் ஃபாமா என்னும் ஒரு சொல்லே நற்பேச்சையும் ஊர்வாய்ப் பேச்சையும் ஒருங்கே சுட்டும். தமிழோ நற்பேச்சைப் புகழ் என்றும், காதலரைப் பற்றி ஊரார் தூற்றுவதை அலர் என்றும் பிரித்து வைத்தது. இப்பகுப்பு நுண்ணிது, அகத்திணைப் பாடல்கள் பலவும் அலரின்றி நடவா.

புகழைக் குறிக்கும் பிற தமிழ்ச் சொற்களுள் உரையும் இசையும் செவிக்குரியன, ஒளி கண்ணுக்குரியது. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் நின்று சிவகாசித் திசையில் எழும் வாணத்தை நோக்குவார்க்கு இவ்விரு புலன்களின் முறைமை விளங்கும். ஒளி நொடிப்பொழுதும் தாழாது கண்ணை அடைகின்றது. ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் கடப்பதால், ஒரு கிலோமீட்டர் தொலைவிற்கு மூன்று நொடி பிந்துகின்றது.

நான்காவது சொல் பெயர். பெயர் பெற்றவர் என்றால் புகழ் பெற்றவர் என்பதே பொருள். விருதுபட்டி 1923இல் விருதுநகர் ஆனபோது, வெற்றிச் சின்னத்தைக் குறிக்கும் விருது நிலைத்தது. பட்டி மட்டுமே நீங்கிற்று. சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் உருவாகும் வெடிகளும் சந்தையில் சிவகாசிப் பட்டாசுகளே. உழைப்பு பல ஊர்களது. பெயர் ஓர் ஊரது. ஆலங்குளத்தில் 1970இல் எழுந்த பைஞ்சுதை ஆலைக்கும் இதுவே நேர்ந்தது. அதன் பைஞ்சுதையை நாடு அறிந்தது ஊரின் பெயரால் அன்று. ‘அரசு’ என்னும் பெயரால்.