உங்களுக்குத் தெரியுமா? கோடு போட்டவர்களும் காசு போட்டவர்களும்

● பூனைக்கு எலிமேல் காதல். எலியோ பூனையின் மண்டையைப் பார்த்துச் செங்கல்லை எறியும். அதையும் அன்பென்றே பூனை எடுத்துக்கொள்ளும். போலீஸ்கார நாய் வந்து எலியைச் சிறையில் தள்ளும். 'க்ரேஸி கேட்' சித்திரத் தொடரில் 1913 முதல் முப்பது வருஷமும் சுற்றிச் சுற்றி இதே கதைதான்! வாசகர்கள் பலருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால், பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்டுக்குப் பிடித்துப்போனதால் அதை நிறுத்த யாராலும் முடியவில்லை. 1944-இல் ஓவியர் ஜார்ஜ் ஹெரிமன் இறந்தபோது, வழக்கம்போல வேறொருவரை வரையச் சொல்லாமல் தொடரையே மூடிவிட்டார்கள். ஹர்ஸ்ட் பேரில் ஆயிரம் புகார் உண்டு. வரவுப் பக்கத்தில் இதையும் எழுதத்தான் வேண்டும்.

● அந்த ஹெரிமன் தொப்பியில்லாமல் படத்துக்கு நிற்பது அபூர்வம். வெள்ளையராகவே வாழ்ந்து முடித்தார். 1880-இல் நியூ ஆர்லியன்ஸில் பதிவான பிறப்புச் சான்றிதழோ அவரைக் கறுப்பினத்தவர் என்றது. அது வெளியே தெரிந்தது 1971-இல்தான்.

● சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-இல் அவனை விற்ற விலை 130 டாலர். ஆளுக்கு 65. அந்தப் பணம் வந்த செக் மட்டும் 2012-இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது!

● 'ஸ்னூப்பி' நாய்க்குட்டியை வரைந்த சார்லஸ் ஷூல்ஸுக்குக் குழந்தையிலேயே விழுந்த செல்லப்பெயர் 'ஸ்பார்க்கி'. வேறொரு சித்திரத் தொடரில் வந்த குதிரையின் பெயரிலிருந்து மாமா ஒருவர் வைத்தது. 1950-இல் ஏழே பத்திரிகைகளில் தொடங்கிய தன் தொடருக்கு 'பீனட்ஸ்' என்று விற்பனை நிறுவனம் வைத்த பெயர் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. உதவியாளர் யாருமின்றி அதில் 17,897 பகுதிகள் வரைந்தார். கடைசி ஞாயிறு பகுதி 2000 பிப்ரவரி 13 அன்று வாசகர் கைக்கு வந்தது. முந்தின இரவே அவர் போய்விட்டார்.

● 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' வரைந்த பில் வாட்டர்சன், பொம்மை, பனியன் என்று ஏறக்குறைய எதற்குமே உரிமை தரவில்லை. பத்து வருஷத்தில், 1995-இல், தொடரையும் நிறுத்தினார். 2014-இல் சக ஓவியர் ஸ்டீபன் பாஸ்டிஸின் தொடரில் மூன்று நாள் சத்தமில்லாமல் வரைந்துவிட்டுப் போனார். அவர் கை என்பது பிறகுதான் தெரிந்தது.

● ராணி காமிக்ஸில் நாம் படித்த முகமூடி வீரர் மாயாவிக்குக் கதை எழுதிய லீ ஃபால்க், நாடகக்காரரும்கூட. மந்திரவாதி மாண்ட்ரேக்கும் அவர் கற்பனைதான்.

● பணக்காரச் சிற்பி கெர்ட்ரூட் வாண்டர்பில்ட் விட்னி, 500-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கலைப்படைப்புகளை இலவசமாகத் தருகிறேன் என்றார். நியூயார்க்கின் பெரிய மியூசியம் வேண்டாம் என்றுவிட்டது. கோபித்துக்கொண்டு உட்காராமல் 1931-இல் தானே ஒன்றைத் திறந்தார். அதுதான் விட்னி மியூசியம்.

● கலையை ஆதரிக்கக் கோடீஸ்வரராக இருக்கவேண்டுமா என்ன? ஹெர்பர்ட் வோகல் தபால் இலாகா குமாஸ்தா. மனைவி டோரதி நூலகர். டோரதி சம்பளத்தில் வீட்டுச் செலவு, ஹெர்பர்ட் சம்பளத்தில் ஓவியம். விலை கட்டுப்படியாகவேண்டும், வீட்டுக்குள் நுழையவேண்டும். நிபந்தனை இவ்வளவுதான். மன்ஹாட்டனில் ஒரே படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில், பூனைகளுக்கும் ஆமைகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன. லாபத்துக்கு விற்கவே இல்லை. 1990-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனது. வயதான காலத்துக்கு உதவட்டும் என்று கலைக்கூடம் ஒரு சிறு தொகை கொடுத்தது. அதற்கும் ஓவியம் வாங்கினார்கள்!