அலங்கார மீன் பாரிலிருந்து வர வேண்டாம்

கடையில் நாம் வாங்கும் கப்பியும் மோலியும் தங்கமீனும் ஆற்றிலோ குளத்திலோ பிடித்தவை அல்ல. சென்னைக் கொளத்தூரில் மாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி வளர்ப்பதைப் போல, எங்கோ ஒரு பண்ணையில் பிறந்து வளர்ந்தவை. கடல் அலங்கார மீனின் கதை இதற்கு நேரெதிர். கண்ணாடித் தொட்டியில் நீந்தும் கடல் மீன்களில் மிகப் பெரும்பகுதி இன்றும் பவளப்பாரிலிருந்து பிடித்து வரப்பட்டவை. உலகச் சந்தைக்கு ஆண்டுதோறும் 2 கோடி முதல் 2.4 கோடி வரை கடல் மீன்கள், 1,471 வகைகளில் போகின்றன என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை ஒன்று 2003-லேயே கணக்கிட்டது. 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்து கோமாளி மீனைக் குழந்தைகளின் செல்லமாக்கியதும் அதே ஆண்டில்தான். பாரையே நம்பியிருக்கும் இந்த நிலையைக் கொஞ்சமாவது மாற்றும் வாய்ப்பு குமரி மாவட்டக் கடற்கரை வீடுகளுக்கு இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. வளர்க்க வேண்டியது முதலில் மீனை அல்ல, மீன்குஞ்சு தின்னும் நுண்ணுயிரை.

பாரிலிருந்து ஒரு கோமாளி மீனை எடுப்பதில் உள்ள இழப்பு ஒன்று என்ற கணக்கோடு நிற்பதில்லை. கடற்சாமந்தி ஒன்றில் குடியிருக்கும் கூட்டத்தில் மிகப் பெரியதுதான் பெண். அதற்கு அடுத்தது ஆண். மற்றவை வயதுக்கு வராத சிறுசுகள். இந்த மீன்கள் முதலில் ஆணாகி, தேவை வரும்போது பெண்ணாக மாறுபவை. பெரிய மீனைப் பிடித்துவிட்டால், எஞ்சிய ஆண் பெண்ணாக மாறி, அடுத்த சிறுசு ஆணாக வளரும் வரை அந்தக் குடும்பத்தில் முட்டை இல்லை. பிடிபட்ட மீனும் கடை வரை பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம், மீனோடு அங்கிருந்த பவளத்தையும் சேர்த்துக் கொன்றிருக்கிறது. நம் நாட்டில் பவளங்களும் கடல்குதிரையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆசைக்காகக்கூட அவற்றைத் தொட்டிக்குக் கொண்டுவரக் கூடாது.

இதே கோமாளி மீன், வீட்டில் முட்டையிடச் சம்மதிக்கும் கடல் மீன்களில் முதன்மையானது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மார்ட்டின் மோ 1970-களின் தொடக்கத்திலேயே வணிக அளவில் அதன் குஞ்சுகளை வளர்த்துக் காட்டினார். பண்ணையில் பிறந்த இளம் மீன்களில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தேர்ந்து சேர்த்து விட்டால், எது பெண், எது ஆண் என்பதை அவையே தீர்த்துக்கொள்கின்றன. கடற்சாமந்தி கட்டாயம் இல்லை. கவிழ்த்து வைத்த மண்சட்டியோ ஓட்டுத் துண்டோ போதும். ஒன்று, ஒன்றரை வயதில் இணை அந்த ஓட்டைச் சுத்தம் செய்து, நூற்றுக்கணக்கில் ஆரஞ்சு நிற முட்டைகளை ஒட்டி வைக்கும். ஆண் மீன் காவல் நின்று, துடுப்பால் விசிறி விசிறி முட்டைகளுக்கு நீரோட்டம் கொடுக்கும். முட்டை நாளுக்கு நாள் கறுத்து, ஆறேழு நாளில் உள்ளிருக்கும் கண் வெள்ளியாக மின்னத் தொடங்கினால், அன்றிரவோ மறுநாள் இரவோ குஞ்சு வெளிவரும் என்று பொருள். விளக்கை அணைத்த ஓரிரு மணி நேரத்துக்குள், முழு இருட்டில், 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளக் குஞ்சுகள் வெளியேறி நீரில் பரவும்.

இதுவரை வேலையெல்லாம் மீனுடையது. நம் வேலை மறுநாள் விடியலில் தொடங்குகிறது. அந்தக் குஞ்சுக்குத் தூள் தீவனம் ஆகாது. உயிரோடு அசைகிற, தன் வாய்க்குள் நுழைகிற ஒன்றைக் கண்ணால் பார்த்துத்தான் அது கொத்தும். அந்த ஒன்று ரோட்டிஃபர் என்ற மிதவை நுண்ணுயிர். ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே உள்ள உடம்பு. ஒரு மில்லி நீருக்கு ஐந்து முதல் பத்து ரோட்டிஃபர் என்ற அடர்த்தி குறையாமல் இருந்தால் குஞ்சு தேடி அலையாமல் தின்னும். குறைந்தால் நீந்திக் களைத்துச் சாகும். ரோட்டிஃபருக்கு உணவு நுண்பாசி. ஆகவே நுண்பாசி நிறைந்த பச்சை நீர் வளர்த்து, அதில் ரோட்டிஃபர் வளர்த்து, அதைக் கொண்டு குஞ்சு வளர்க்க வேண்டும். ஒரு வாரம் கழிந்தால் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் இளங்குஞ்சுகளைத் தரலாம். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் உடலில் வெள்ளைப் பட்டை தெரிய ஆரம்பித்ததும் ஆபத்துக் காலம் பெரும்பாலும் கடந்துவிடும். முதல் முயற்சியில் தோற்பவர்களில் பலர் மீன் வளர்க்கத் தெரியாமல் தோற்பதில்லை. முட்டை பொரிந்த பிறகு ரோட்டிஃபர் தேடிப் புறப்படுவதால் தோற்கிறார்கள்.

இந்தச் சங்கிலிக்கு வேண்டியதெல்லாம் குமரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கடல்நீர் விலையில்லாமல் கிடைக்கிறது. ஆனாலும் எங்கே, எப்போது மொள்ளுவது என்பதில் நிதானம் வேண்டும். மணக்குடியில் பழையாறும், கடியப்பட்டணத்தருகே வள்ளியாறும், தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறும் கடலில் கலக்கின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழைக்காலத்தில் பொழிமுக நீரை எடுத்தால் உப்பு குறைந்து, சேறும் கழிவும் கூடி வரும். ஆகவே முகத்துவாரத்தை விட்டு விலகி, நீர் தெளிந்த நாளில் மொண்டு, வடிகட்டி இருட்டில் சில நாள் வைத்து, உப்பு ஆயிரத்துக்கு 35 அளவில் இருக்கிறதா என்று பார்த்துப் பயன்படுத்த வேண்டும். பக்கத்தில் உப்பளம் இருக்கிறதே, உப்பைக் கரைத்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. பாத்தியில் நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முன்னதாகவே படிந்துவிடும். மக்னீசியம் உப்பு எடுத்த பின் மிஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடும். நம் கைக்கு வரும் உப்பு கடலின் ஒரு பகுதி மட்டுமே. அதே உப்பளம் வேறொன்றைத் தருகிறது. தாமரைக்குளம், புத்தளம் உப்பளங்களில் ஆர்ட்டீமியா வாழ்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடல்கடந்து டப்பாவில் வரும் ஆர்ட்டீமியா முட்டைக்குப் பணம் கொடுக்கும் நாம், நாஞ்சில் நாட்டு உப்பளத்தைத் தீவனக் களஞ்சியமாகப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

அறிவுத் துணையும் தொலைவில் இல்லை. ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது. கேரள எல்லையில் களியக்காவிளையைத் தாண்டினால் விழிஞ்ஞத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம். கோமாளி மீன்களையும் டாம்செல் வகைகளையும் பல ஆண்டுகளாகக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்த இடம் அது. அதே நிறுவனம் மண்டபத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையிலும் இந்தப் பணியைச் செய்துள்ளன. லட்சத்தீவின் அகத்தியில் தேசிய மீன் மரபுவள நிறுவனம், தீவுப் பெண்களைக் கொண்டே அலங்கார இறாலும் கோமாளி மீனும் வளர்க்க வைத்திருக்கிறது. 2020-இல் வந்த பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் என்று வகுத்தார்கள். கடல் மீனும் அதில் அடக்கம்.

வீட்டில் பெருக்க முடிவது விரல்விட்டு எண்ணும் சில வகைகள்தானே, இதனால் பாருக்கு என்ன பயன் என்பார்கள். உண்மைதான். டாம்செல் குஞ்சின் வாய் இன்னும் சிறிது. அதற்கு ரோட்டிஃபரே பெரிது, கோப்பிபாட்டின் இளம் பருவம் வேண்டும். மஞ்சள் டாங் மீனை ஹவாயில் ஓர் ஆய்வு நிறுவனம் 2015-இல்தான் வெற்றிகரமாக வளர்த்தெடுத்தது. ஆனால் சந்தையில் அதிகம் தேடப்படுபவற்றில் கோமாளி மீனும் ஒன்று. அந்த ஒன்றின் சுமை குறைந்தாலே பாருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இந்தோனேசியாவின் பங்காய் கார்டினல் மீன் இன்னொன்று. ஆண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே அடைகாப்பதால் குஞ்சு சற்றுப் பெரிதாகவே வெளிவரும், வளர்ப்பதும் சுலபம். அப்படியிருந்தும் கடலில் அள்ளி அள்ளி, 2007-இல் அதை அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது.

இதைவிடக் கனமான ஆட்சேபம், மீன் பிடித்துப் பிழைக்கும் கடற்கரைக்காரரின் பங்கு போய்விடுமே என்பது. ஊர்க்காரர் வீட்டில் பெருக்கினால் போகாது. நகரத்து முதலாளி பெரும் பண்ணை போட்டு, கடற்கரையில் ஒருவருக்கும் பங்கு இல்லை என்றால்தான் போகும். அதனால்தான் இந்தத் தொழில் வீட்டளவில், மகளிர் குழு அளவில் தொடங்க வேண்டும் என்கிறேன். நுண்பாசியையும் ரோட்டிஃபரையும் சில வீடுகள் சேர்ந்து பொறுப்பேற்றால், ஒரு வீட்டில் மின்சாரம் போய் எல்லாம் செத்தாலும் அடுத்த வீட்டிலிருந்து ஒரு பாட்டில் விதை வாங்கி மறுபடி தொடங்கலாம். ஒரே வருடத்தில் லட்சாதிபதி ஆகலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். குஞ்சு விற்கும் அளவுக்கு வர மூன்று நான்கு மாதம் ஆகும், வாங்குபவரும் நகரங்களில்தான் இருக்கிறார். இது துணை வருமானம், அவ்வளவுதான்.

வளர்த்த மீன் மிகுந்துவிட்டதென்று கடலில் விடுவது மட்டும் ஒருபோதும் கூடாது. அட்லாண்டிக் கடலுக்குச் சொந்தமில்லாத சிங்கமீன் அங்கே பெருகி உள்ளூர் மீன்களைத் தின்று தீர்ப்பதை உலகம் பார்க்கிறது. நம் மன்னார் வளைகுடாவில், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்தது 2008-இல் பதிவானது.

ஆசை வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் மாதம் மீன் வாங்காதீர்கள். தொட்டியின் வடிகட்டியில் நுண்ணுயிர் குடியேறவும் அந்த ஒரு மாதமாவது வேண்டும். அதுவரை ஒரு பாட்டில் பச்சை நீரையும் ஒரு வாளி ரோட்டிஃபரையும் சாகாமல் காத்துப் பாருங்கள். அது முடிந்தால், குஞ்சகத்தில் பிறந்த இணை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பாரில் பிடித்தது என்று கடைக்காரர் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.