பிராசஸர் வேகத்தைக் குறைத்தால் பேட்டரி மிச்சமாகுமா? - நெய்வேலியில் இருந்து ஒரு கணக்கு!

மூன்று ஷிஃப்ட்டாக 24 மணி நேரமும் இயங்கும் ஊர் நெய்வேலி. ஊருக்கெல்லாம் கரன்ட் அனுப்பும் இந்த டவுன்ஷிப்பிலும், இரண்டு மூன்று வருடம் பழகிய போன்கள் சாயங்காலத்துக்குள் சார்ஜ் இல்லாமல் படுத்துவிடுகின்றன. ஷிஃப்ட்டுக்குப் போனவரை அவசரத்துக்கு அழைத்தால் 'ஸ்விட்ச்டு ஆஃப்' என்று வருகிறது. 'புது போன் வாங்கிடலாமா?' என்ற பேச்சு வீட்டில் தொடங்கும்போது, விஷயம் தெரிந்தவர் ஒருவர் சொல்வார்: "பவர் சேவிங்ல போட்டு பிராசஸர் ஸ்பீடைக் குறைங்க, சார்ஜ் நிக்கும்!"

சாம்சங் போன்களின் பவர் சேவிங் பகுதியில், பிராசஸர் வேகத்தை 70 சதவிகிதமாகக் குறைக்கும் வசதியே இருக்கிறது. அதை ஆன் செய்தால் 30 சதவிகித சார்ஜ் மிச்சமாகுமா?

பாதி லோடு... பாதி நிலக்கரியா?

இதற்கான பதில் அனல் மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகவே புரியும். நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் தலா 210 மெகாவாட் திறனுள்ள 7 இயந்திரங்கள் உள்ளன. அதில் ஒன்றைப் பாதி லோடில் ஓட்டினால், எரியும் பழுப்பு நிலக்கரி சரிபாதியாகிவிடாது. பாய்லர் சூடாக இருக்க வேண்டும். பம்புகளும் ஃபேன்களும் ஓடியாக வேண்டும். அதனால் குறைந்த லோடில், ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் ஆகும் நிலக்கரி கூடத்தான் செய்யும்.

போனிலும் இதே கதைதான். பிராசஸர் மெதுவாக வேலை பார்க்கும் நேரம் முழுக்க டிஸ்ப்ளே எரிகிறது, மெமரி விழித்திருக்கிறது, நெட்வொர்க் ஓடுகிறது.

கணக்கு இதுதான்

பிராசஸர் வேலை செய்ய எடுக்கும் மின்சாரம், அதன் வேகத்தையும் வோல்டேஜின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகத்தை மட்டும் 70 சதவிகிதமாகக் குறைத்தால், 10 விநாடி வேலைக்கு 14 விநாடிக்கு மேல் ஆகும். ஒரு விநாடிக்கான செலவு குறைந்தாலும் விநாடிகள் கூடுவதால், மொத்தச் செலவு கிட்டத்தட்ட அதேதான்.

லாபம் வருவது வோல்டேஜில். வேகத்தோடு வோல்டேஜும் 10 சதவிகிதம் குறைந்தால், அந்த வேலைக்கான பிராசஸர் செலவு சுமார் 19 சதவிகிதம் குறையும். ஆனால், டிஸ்ப்ளே கூடுதலாக 4 விநாடி எரிவது அந்த லாபத்தில் கைவைத்துவிடும். அதனால்தான் பல வேலைகளைச் சட்டென முடித்துவிட்டு உறக்கத்துக்குப் போவதே பிராசஸருக்கு நல்லது.

கேமில் நிலைமை வேறு. ஒரு மணி நேரம் விளையாடினால் ஒரு மணி நேரம்தான். அங்கே வேகத்தைக் குறைத்தால் சார்ஜும் மிச்சம், சூடும் குறைவு.

நிறுவனங்களே செய்த வேலை

2021-ல் வெளியான ஒன்பிளஸ் 9 வரிசை போன்களில், குரோம் உள்ளிட்ட பிரபல ஆப்களுக்குப் பிராசஸரின் முழு வேகம் கிடைக்கவில்லை என்பது அந்த ஜூலையில் அம்பலமானது. பேட்டரிக்காகவும் சூட்டைக் குறைக்கவும் செய்ததாக நிறுவனம் விளக்கம் கொடுத்தது. வாங்கியவர்களிடம் முன்பே சொல்லவில்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம்.

அதற்கு முன், 2017 டிசம்பரில், பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென ஆஃப் ஆவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாம். எதிர்ப்பு கிளம்பியதும் அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. புது பேட்டரி போட்டதும் பழைய போன்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின.

உண்மையான எதிரி வெயில்!

சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. கத்திரி வெயிலில் நெய்வேலி அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். பைக் டேங்க் கவரிலும், வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டிலும் போனை வைப்பது பேட்டரியின் ஆயுளையே குறைக்கும்.

என்ன செய்யலாம்?

* முதலில் டிஸ்ப்ளே வெளிச்சத்தைக் குறையுங்கள். அமோலெட் திரையென்றால் டார்க் மோடும் உதவும்.
* சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில், டவரைப் பிடிக்கவே போன் அதிக சார்ஜைச் செலவழிக்கும். அழைப்புகளை எதிர்பார்க்காத நேரத்தில் ஏரோபிளேன் மோடு போடலாம்.
* செட்டிங்ஸில் எந்த ஆப் அதிக சார்ஜ் குடிக்கிறது என்று பார்த்து, அதன் பின்னணி இயக்கத்தை நிறுத்துங்கள்.
* சார்ஜ் ஏறும்போது கேம் வேண்டாம், சூடு இரட்டிப்பாகும்.
* பிராசஸர் வேகக் குறைப்பை, கேமுக்கும் சார்ஜ் தீரப்போகும் நேரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் போன் ஒரு ஷிஃப்ட்கூடத் தாங்கவில்லையா? பிரச்னை பெரும்பாலும் பேட்டரியின் வயதுதான். புது போனுக்கு இ.எம்.ஐ போடும் முன், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள். புது போன் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு செலவாகவே இருக்கும்!