வலித்தவன் தப்பித்தான்... வலிக்காதவர்?

"டாக்டர், எனக்கு ஒண்ணுமே வலிக்கலையே... இந்த ரத்தம் எங்கேருந்து வருது?"

கோவளம் உப்பங்கழியின் நடுவில், ஒரு சின்ன ஃபைபர் படகில் உட்கார்ந்துகொண்டு எங்கள் தெரு நண்பர் கேட்ட கேள்வி இது. மூன்று வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் என் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால், அன்றைக்கு அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை நான் சொல்லவில்லை. வைத்தியனாகிய நானே!

பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர் அவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருஷமாக ஷுகர். மாத்திரை தவறமாட்டார், நடைப்பயிற்சி தவறமாட்டார். சின்ன வயசில் ஊர்க் குளத்தில் தூண்டில் போட்ட ஞாபகம் மட்டும் அவரை விடவில்லை. "ஒரு தடவை உப்புத் தண்ணியில மீன் பிடிக்கணும் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை, அவருடைய அக்கா மகனையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேராகக் கிளம்பிவிட்டோம்.

நம்ம ஏரித் தண்ணி போகும் இடம்

பள்ளிக்கரணைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறையவே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் சதுப்பு நிலத்தில் நிரம்பும் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்கிறது. கால்வாயோடு தெற்கே போய், முட்டுக்காடு உப்பங்கழி வழியாகக் கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த நம் சதுப்பு நிலத்தின் வாசல் கதவு, ஒரு வகையில் கோவளத்தில்தான் இருக்கிறது!

மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்துகொள்ளும். கோடையில் மணல் மேடு வந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. உள்ளே ஆழம் அதிகமில்லை. பல இடங்களில் இடுப்பளவுதான். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் இந்த இடத்தில்தான் மடவை, கிழங்கான், கொடுவா, இறால், நண்டு எல்லாம் வளர்கின்றன. கொடுவா ஒரு விசித்திரமான மீன். ஆணாக வளர்ந்து, பெரிதானபின் பெண்ணாக மாறும். இந்தக் கொடுவாவை நம் நாட்டில் முதன்முதலாகச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்தது, சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம்தான், 1997-ல். அதன் ஆராய்ச்சிப் பண்ணையே முட்டுக்காட்டில்தான் இருக்கிறது.

எங்களை அழைத்துப் போனவர் கோவளத்து மீனவர். அறுபதைத் தாண்டியவர். படகில் ஏறும்போதே என் நண்பரின் காலைப் பார்த்தார்.

"ஐயா, செருப்போட வந்துட்டீங்களே. ஷூ இல்லியா? கீழ ஆளி இருக்கும். பிளேடு மாதிரி கிழிச்சுடும்."

"தண்ணியில எறங்கும்போது செருப்பைக் கழட்டிடறேன் பெரியவரே. வெறுங்கால்தான் எனக்குப் பழக்கம்" என்று சிரித்தார் நண்பர். நானும் கூடச் சிரித்தேன். அதுதான் என் முதல் தப்பு.

அலறினான் பையன்!

தண்ணி ஏறும் நேரம் பார்த்துத் தூண்டில் போட வேண்டும் என்று பெரியவர் சொல்லிக் கொடுத்தார். சென்னைப் பக்கம் கடல் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது கூடும். ஏறுகிற தண்ணியோடு மீனும் உள்ளே வரும். உயிர் இறாலை முள்ளில் கோத்து, மணல் திட்டின் ஓரத்தில் இறங்கி நின்றோம். கொஞ்ச தூரத்தில் இருளர் பெண்கள் வாயில் பனையோலைப் பறியைக் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொக்குகள், இளங்காற்று, தூரத்தில் அலைச் சத்தம்... மனசு லேசாகிவிட்டது.

முதலில் மாட்டியது நண்பரின் மருமகனுக்குத்தான். ஒரு கெளுத்தி. ஆசையோடு கையால் பிடித்தான். அடுத்த நொடி, "ஐயோ, மாமா!" என்று ஒரு அலறல்! கெளுத்தியின் முதுகிலும் இரண்டு பக்கச் செட்டையிலும் ரம்பம் போன்ற முள் இருக்கிறது. அதில் நஞ்சும் உண்டு. அவன் கட்டைவிரல் வீங்கி, வலி முழங்கைவரை ஏறியது.

பெரியவர் பதறவில்லை. படகைக் கரைக்கு விட்டார். டீக்கடையில் வெந்நீர் வாங்கி, தன் கையை விட்டுச் சூடு பார்த்து, பையனின் கையை அதில் அமிழ்த்தி வைக்கச் சொன்னார். ஆற ஆறச் சூடு சேர்த்தோம். அரை மணியில் பையன் முகம் தெளிந்துவிட்டது.

இது வெறும் கைவைத்தியம் இல்லை. மீன் நஞ்சு சூடு பட்டால் வீரியம் தணிந்துவிடும். கெளுத்திக்கும் திருக்கைக்கும் உலகம் முழுக்க டாக்டர்கள் சொல்லும் முதலுதவி இதுதான். பொறுக்கக்கூடிய சூடு, அதாவது 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், முள் உடைந்து உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, டி.டி. ஊசியும் தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சத்தம் போடாத காயம்

பையன் தெளிந்ததும் "இன்னும் ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போகலாமே" என்று மறுபடியும் படகில் ஏறினோம். அப்போதுதான் பெரியவர் படகின் அடியில் பார்த்தார். தேங்கியிருந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. நண்பரின் இடது காலில், சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கீறல். ஆளி ஓடு கிழித்திருக்கிறது. எப்போது என்றே அவருக்குத் தெரியவில்லை!

நான் குனிந்து பார்த்தேன். ஒரு அங்குல நீளம்கூட இல்லை. குடிதண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கைக்குட்டையால் கட்டினேன். "சின்னக் கீறல்தான் சார், பயப்படாதீங்க" என்றேன். அதுதான் என் இரண்டாவது தப்பு, பெரிய தப்பு.

வீட்டில் அம்மா சொன்னபடி மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். மறுநாள் காலை லேசான வீக்கம். "வலி இல்லையே" என்று சும்மா இருந்துவிட்டார். இரவு குளிர் ஜுரம். எனக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தேன். கணுக்கால்வரை சிவந்து, புண்ணைச் சுற்றிக் கருநீலக் கொப்புளங்கள். அதற்குமேல் ஒரு நிமிஷமும் தாமதிக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்று இரவே புண்ணைத் திறந்து சுத்தம் செய்தார்கள். உள்ளே ஒரு துண்டு ஓடு இருந்தது. காலைக் காப்பாற்றிவிட்டார்கள். சுண்டுவிரல் போய்விட்டது.

பார்த்தீர்களா? அலறிய பையனுக்கு அன்று சாயந்திரமே சரியாகிவிட்டது. வலியே தெரியாத பெரியவர் பதினோரு நாள் படுக்கையில் கிடந்தார்.

வலி ஒரு காவல்காரன்

வலி நம் எதிரி என்று நினைக்கிறோம். இல்லை. வீட்டு வாசலில் குரைக்கும் நாய் போல அது. பல வருஷ ஷுகர், காலின் நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போக வைக்கிறது. நாய் ஊமையாகிவிட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே? கூடவே காலுக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, புண் ஆறும் சக்தி குறைகிறது. மதுமேகம் முற்றினால் பிளவை வரும் என்று நம் சித்தர் நூல்கள் எச்சரிப்பதும் இதைத்தான்.

சரி, கீறல் தெருவில் பட்டால் என்ன, கழியில் பட்டால் என்ன? வித்தியாசம் இருக்கிறது. வெதுவெதுப்பான உவர்த் தண்ணீரில் விப்ரியோ என்ற இனத்துக் கிருமிகள் இயல்பாகவே வாழ்கின்றன. அவற்றில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒன்று, காயத்தின் வழியாக நுழைந்தால் ஓரிரு நாளிலேயே சதையை அழுகவைத்துவிடும். ஆரோக்கியமானவர்களுக்கு இது அபூர்வம். ஷுகர், கல்லீரல் நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். நம் கழிக்கு ஊர்க் கழிவுநீரும் வந்து சேர்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

அமெரிக்காவின் டெக்சாஸ், புளோரிடா கரைகளில் ஆழமில்லாத கடலில் கைடு வைத்துத் தூண்டில் போடுவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. அங்கேயும் இதே கிருமி உண்டு. காலைத் தூக்கி வைத்து நடக்காமல், மணலில் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அதிர்வு உணர்ந்து விலகிவிடும். மிதித்தால்தான் வாலைச் சுழற்றும்.

"மஞ்சள் கிருமிநாசினி இல்லையா டாக்டர்? சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். பாளையங்கோட்டையில் படித்த நான் மஞ்சளை மதிக்காமல் இருப்பேனா? ஆனால் அஞ்சறைப்பெட்டி மஞ்சள்தூள் சுத்திகரித்த மருந்து அல்ல. அது புண்ணை மூடி, உள்ளே நடப்பதை மறைத்துவிடும். சிவப்பு பரவுகிறதா என்றே தெரியாது. புண்ணுக்கு நம்மிடம் மத்தன் தைலம் போன்ற அருமையான மருந்துகள் உண்டு. அதற்கெல்லாம் நேரம் காலம் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் பட்ட புதுக் காயத்துக்கு, அதுவும் ஷுகர்காரருக்கு, அன்றே ஆஸ்பத்திரிதான். இதில் எந்த வைத்தியமும் பெரியது சின்னது இல்லை. மனுஷனின் கால்தான் பெரியது.

இன்றே ஒரு சோதனை

கடலுக்குப் போகாதவர்களும் இதைச் செய்து பாருங்கள். வீட்டில் ஷுகர்காரர் இருந்தால் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். தொடும்போது "வலது", "இடது" என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால், காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. உடனே டாக்டரிடம் காட்டுங்கள். என் நண்பருக்கு இதை நான் மீன் பிடிக்கப் போகும் முன்பே செய்திருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை!

கழியில் தூண்டில் போடப் போகிறீர்களா?

* அந்த இடத்து மீனவரோடு மட்டுமே போங்கள். முகத்துவாரத்தை ஒட்டி இறங்கவே கூடாது. தண்ணி வடியும் நேரத்தில் கடலுக்குள் இழுத்துவிடும். படகில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

* கெட்டி அடிப்பாகம் உள்ள பழைய கான்வாஸ் ஷூவும் சாக்ஸும் போடுங்கள். போடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

* காலில் ஏற்கெனவே புண், வெடிப்பு, ஆறாத நகக்காயம் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம். கால் மரத்துப்போனவர்களும் இறங்க வேண்டாம். படகிலிருந்தே தூண்டில் போடலாம், மீன் கோபித்துக்கொள்ளாது!

* விடியற்காலையில் கிளம்பும் அவசரத்தில் ஷுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் ஷுகர் இறங்குகிறது என்று அர்த்தம். பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

* தொப்பி, தண்ணீர், நீர்மோர் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்க வேண்டாம்.

* முள் குத்தினால் வெந்நீர். ஆனால் சூட்டை வேறொருவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும். கால் மரத்தவருக்குக் கொதிநீரும் குளிர்நீரும் ஒன்றுதான்!

* கிழித்தால், சுத்தமான நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். சுண்ணாம்பு, காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டிச் சிவப்பு பரவினால், கொப்புளமோ ஜுரமோ வந்தால், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். "உப்புத் தண்ணியில பட்ட காயம்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

* வீட்டுக்கு வந்ததும் இரண்டு காலையும் கழுவித் துடைத்து, விரல் இடுக்குகளையும் பாருங்கள். பாதத்துக்கு அடியில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

* பிடித்த மீனை ஐஸில் வைத்து எடுத்து வந்து, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

போன மாசியில் நண்பர் மறுபடியும் கேட்டார். "டாக்டர், கோவளம் போகலாமா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சிரித்துக்கொண்டே காலைக் காட்டினார். புது கான்வாஸ் ஷூ!

போனோம். அவர் படகை விட்டு இறங்கவே இல்லை. ஒரு கொடுவாக் குஞ்சு மாட்டியது. "சின்னது, வளரட்டும்" என்று அவரே தண்ணீரில் விட்டார். கரையேறியதும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். நான் கீழே உட்கார்ந்து, ஒன்பது விரலையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன்.

"என்ன டாக்டர், என் காலைப் பிடிக்கறீங்க?" என்று கூச்சப்பட்டார்.

அன்றைக்கே பிடித்திருந்தால் பத்து விரல் இருந்திருக்குமே, சார்!