கோழிக் கொட்டகை போடுமுன் போட்டியாளரை அறிந்துகொள்ளுங்கள்

விழுப்புரம் - செஞ்சி சாலையில் உள்ள மண்டகப்பட்டில் 500 முட்டைக்கோழிகள் வளர்க்க எண்ணுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் போட்டியாளர் யார்? பக்கத்து ஊரில் கோழி வளர்ப்பவர் என்றே பலரும் எண்ணுகின்றனர். அவரல்லர். அட்டை அட்டையாக முட்டை ஏற்றிக்கொண்டு நாமக்கல்லிலிருந்து வரும் லாரியே உங்கள் போட்டியாளர்.

1982-இல் செயல்படத் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நாமக்கல் மண்டலத்துக்கென்று முட்டை விலையை அறிவிக்கிறது. செய்தித்தாளில் வரும் அந்த விலையைப் பார்த்துத்தான் செஞ்சிக் கடைக்காரரும் உங்களிடம் பேரம் பேசுவார். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். 500 கோழிகளுக்கு 55 கிலோ. நாமக்கல்லின் பெரிய பண்ணையாளர் மக்காச்சோளத்தை லாரிக் கணக்கில் வாங்கிச் சொந்த ஆலையில் அரைக்கிறார். நீங்களோ மூட்டைக் கணக்கில் சில்லறை விலைக்கு வாங்குவீர்கள். முட்டையின் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு தீவனமே. ஆகவே விலையைக் குறைத்து அவரை வெல்ல முடியாது.

கறிக்கோழியிலும் இதே நிலைதான். அங்கே பல்லடம் வட்டாரத்து விலை பேசும். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் கொடுக்க, கொட்டகையும் உழைப்பும் உங்களுடையதாக, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி பெறும் ஒப்பந்த முறையும் உண்டு. இதில் சேருமுன், ஏற்கெனவே வளர்ப்பவர்கள் இருவரையாவது கண்டு, ஆண்டில் எத்தனை தொகுதிக் குஞ்சுகள் வந்தன, கூலி எத்தனை நாளில் கிடைத்தது, கோடையில் இறந்தவற்றின் நட்டம் யார் தலையில் விழுந்தது என்று கேளுங்கள்.

பிறகு செஞ்சி, விழுப்புரம் கடைகளில் ஒரு வாரம் விசாரியுங்கள். முட்டை யாரிடமிருந்து வருகிறது? 30 முட்டை கொண்ட அட்டையில் எத்தனை உடைகிறது? எத்தனை நாள் கடன்? புரட்டாசியிலும், ஐயப்பன் மாலை போடும் கார்த்திகை, மார்கழியிலும் விற்பனை எவ்வளவு இறங்குகிறது? விடைகளைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். நாட்டுக்கோழி வளர்க்க எண்ணுவோர், சந்தை நாளில் விற்பவரிடம் மட்டுமன்றி வாங்கிச் செல்பவரிடமும் பேச வேண்டும். பெரிய பண்ணையால் எளிதில் தர இயலாதது அன்றன்றைய முட்டை. அதற்குக் கூடுதல் விலை தரும் வீடுகளும் உணவகங்களும் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் கோழி வாங்குங்கள்.

போட்டியே இல்லாத தொழில் என்று எவரேனும் சொன்னால் இன்னும் எச்சரிக்கை தேவை. பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழிக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த இறைச்சியை வாங்கித் தின்பவர் யார் என்று கேட்காமல் பணம் கட்டியவர்கள் 2012-இல் பறவைகளுக்குத் தீவனம் போடவும் வழியின்றித் தவித்தனர்.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் கோயில் குடைந்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டு வைத்தது இதே மண்டகப்பட்டில்தான். கோழிக் கொட்டகையை அப்படிக் கட்ட இயலாது. செங்கல்லிலும் தகரத்திலும் போட்ட கடன் பணம் திரும்பி வராது. ஆகவே மேற்சொன்ன கணக்கு கையில் வந்தபின் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.