முதல் போடும் முன் – 7: கணக்கில் உங்கள் கூலி எங்கே?

வீட்டிலிருந்தே தொழில் தொடங்கும் பெண்களிடம் அடக்க விலை எவ்வளவு என்று கேட்டால், முதலில் மளிகைச் சாமான் விலையைச் சொல்வார்கள். பிறகு யோசித்து பவுச், அரவைக் கூலி, கேஸ் என்று சேர்ப்பார்கள். உங்கள் உழைப்புக்கு எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டால், "வீட்டு வேலையோட வேலையா செய்யறதுதானே சார்" என்பார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் தொழிலைப் படுக்கவைக்க இந்த ஒரு பதில் போதும். அதனால் இந்த வாரம் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரு இட்லிப் பொடிப் பாக்கெட்டின் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

விலைவாசி ஊருக்கு ஊர் மாறும். இந்த எண்களைக் கணக்குப் போடும் முறைக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 5 கிலோ உளுந்து, 3 கிலோ கடலைப்பருப்பு, ஒன்றரைக் கிலோ மிளகாய், 1 கிலோ எள், உப்பு, பெருங்காயம் எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். வறுக்கும்போது ஈரம் போகும். மிளகாய்க் காம்பு கழியும். மில்லில் கொஞ்சம் ஒட்டும், சலிக்கும்போது கொஞ்சம் சிந்தும். கடைசியில் கைக்கு வருவது 10 கிலோ என்றால், 100 கிராம் பாக்கெட் நூறு தேறும். பாக்கெட்டுக்குச் சாமான் செலவு 16 ரூபாய். 40 ரூபாய் எம்.ஆர்.பி. போடுங்கள், 30 ரூபாய்க்கு நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் தெருமுனை மளிகைக்காரர். 14 ரூபாய் நிற்கிறதே என்று மனம் நிறைந்துவிடும்.

மீதியையும் எழுதுவோம். பவுச், ஸ்டிக்கர் 3 ரூபாய். அரவை, கேஸ் 3 ரூபாய். கடையில் கொண்டுபோய்ப் போட வண்டிச் செலவு 1 ரூபாய். ஆக, கையை விட்டுப் போனது 23 ரூபாய்.

இனி உழைப்பு. உளுந்தையும் மிளகாயையும் ஒன்றாகப் போட்டு வறுக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதம். எள் படபடவென்று பொரிந்ததும் இறக்காவிட்டால் கசந்துவிடும். அரைத்து வந்த பொடியை விரித்துச் சூடு ஆறவைக்காமல் அடைத்தால், பவுச்சுக்குள் வியர்த்துக் கட்டி பிடிக்கும். இதற்கே ஒரு நாள் போய்விடும். எடை போட்டு, நிரப்பி, சீல் வைத்து, ஸ்டிக்கர் ஒட்ட மறுநாள். நாளுக்கு 500 ரூபாய் என்றாலும் இரண்டு நாள் கூலி 1,000. பாக்கெட்டுக்கு 10 ரூபாய். அடக்கம் 33 ஆகிவிட்டது. நூறில் ஐந்து, சீல் விட்டோ தேதி கடந்தோ திரும்பி வந்தால், விற்ற 95 பாக்கெட்தான் மொத்தச் செலவையும் சுமக்க வேண்டும். அப்போது ஒரு பாக்கெட்டின் அடக்கம் ஏறக்குறைய 35 ரூபாய்.

அதைத்தான் 30 ரூபாய்க்குக் கொடுக்கிறோம். 95 பாக்கெட்டுக்கு வரவு 2,850, கைச்செலவு 2,300. மிச்சம் 550 ரூபாய், இரண்டு நாள் அடுப்படியில் வெந்ததற்கு. கையில் பணம் வருவதால் லாபம் என்றே தோன்றும். ஆர்டர் கூடி, உதவிக்கு ஓர் ஆளைப் போடும் நாளில்தான் குட்டு வெளிப்படும். அவருக்கு 500 ரூபாயை எடுத்துவைத்தே தீர வேண்டும். இத்தனை நாள் அந்தப் பணத்தைத் தன் உடம்பிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியும். பெண்களின் உழைப்புக்கு விலை போடாத பழக்கம் வீட்டோடு நிற்காமல் தொழில் கணக்குக்குள்ளும் நுழைவது எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டில் முதல் வரியாகக் கூலியை எழுதுங்கள்.

சரி, விலையை ஏற்றிவிடலாமா? 35 ரூபாய் அடக்கத்துக்கு மேல் 5 ரூபாய் லாபம் வைத்து, எம்.ஆர்.பி.யில் கால் பங்கு கடைக்காரருக்கு விட்டால், பாக்கெட்டில் 53 ரூபாய் அச்சிட வேண்டும். வாங்குபவர் தயங்குவார். விலையைத் தீர்மானிப்பதில் அவர் பையில் இருக்கும் காசுக்கும் பங்கு உண்டு. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சாஷேயில் அடைத்தபோது, பாட்டில் வாங்க முடியாத கூலித் தொழிலாளியின் கையில் இருக்கும் காசிலிருந்துதான் யோசித்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தொடங்கிய ஷாம்பூ தொழில்தான் இன்றைய கெவின்கேர். ஆனால் சிறிய பாக்கெட் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. இயந்திரம் அடைக்கும் இடத்தில் அது லாபம்; கையால் அடைக்கும் வீட்டில் அதுவே பாரம்.

நம் பொடியை 250 கிராமாக அடைத்துப் பாருங்கள். நாற்பதே பாக்கெட். பவுச், ஸ்டிக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் என்றாலும் 300 ரூபாய் செலவு 200 ஆகிறது. அடைக்கும் வேலை அரை நாளில் முடிந்து, கூலி 750 ஆகிறது. சேதாரம் போக 38 பாக்கெட் விற்றால் அடக்கம் 78 ரூபாய்க்குள். 100 கிராம் 40 ரூபாய் என்ற அதே விகிதத்தில் எம்.ஆர்.பி. 100. கடைக்கு 75 ரூபாய்க்குக் கொடுத்தால் இப்போதும் கையைக் கடிக்கும். அடுக்ககத்திலும் அலுவலகத்திலும் நேராக விற்றால் 22 ரூபாய் நிற்கும். ஆகவே தொடக்கத்தில் பாதிச் சரக்காவது நேர் விற்பனையில் போகட்டும் என்பேன். கடையில் நம் பாக்கெட் தொங்குவது பெருமைதான். கூலி கட்டிய பிறகு அந்தப் பெருமையைப் பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் இன்னொரு சங்கதியும் உண்டு. காசு உடனே வராது. வாரம் 2,300 ரூபாய் போட்டு, நான்கு வாரம் கழித்துப் பணம் வந்தால், 9,200 ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். அந்தத் தொகை கையில் இல்லாமல் கடனுக்குச் சரக்குப் போடாதீர்கள். மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு, 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் துணை நிற்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் வட்டி உண்டு. பதிவுக்கு அரசு இணையதளத்தில் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்களில் சிக்காதீர்கள். தெருமுனைக் கடைக்காரர் மீது யாரும் புகார் எழுதப் போவதில்லைதான். ஆனால் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்குப் போடும்போது இந்தச் சட்டம் கை கொடுக்கும். அதற்கு, சரக்கு இறக்கிய தேதியும் எண்ணிக்கையும் விலையும் எழுதிய பில்லில் அவர்கள் கையெழுத்து இருக்க வேண்டும். முதல் பெட்டியிலிருந்தே அதை வாங்கிவிடுங்கள்.

(தொடரும்)