கதியாலும் கட்டளையும்

ஊர்காவற்றுறைப் பக்கத்து நாரந்தனையில் வேலி வழக்கு புதிதல்ல. இடம்பெயர்ந்து போய் வருடக்கணக்கில் கழித்துத் திரும்பியவருக்கு எல்லைக் கதியால் எங்கே நின்றதென்று காட்ட ஆளில்லை. உறுதியில் 'கிழக்கே ஒழுங்கை' என்றிருக்கும். அந்த ஒழுங்கை இன்று பற்றை. பக்கத்துக் காணிக்காரருக்கு வேறொரு ஞாபகம் இருக்கும்.

வாய்ச்சண்டை கைகலப்பாகும் நிலை வந்தால் பொலிஸார் அதை ஊர்காவற்றுறை நீதவான் முன் கொண்டுபோவர். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு இதற்கானது. காணி யாருக்குச் சொந்தம் என்று அங்கே தீர்ப்பதில்லை. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. வழக்குப் போட்ட நாளில் காணி யார் கையில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது துரத்தப்பட்டாரா என்றே பார்ப்பர். கட்டளை வந்தபின் இரவோடிரவாகக் கதியாலைப் பிடுங்கினால், அது அயலவரோடு போட்ட சண்டையாக மட்டும் நிற்காது. அதே சட்டத்தின் 73 ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம்.

நீதிமன்ற அவமதிப்பு என்றதும் நீதிபதியை ஏசுவதுதான் பலருக்கு நினைவு வரும். கட்டளை தெரிந்தும் வேண்டுமென்றே நடக்காதிருப்பது அதன் மற்ற முகம். அதைத்தான் சிவில் அவமதிப்பு என்கிறார்கள். தண்டிப்பதைவிடச் சொன்னதைச் செய்விப்பதே இதன் முதல் நோக்கம். 'வேண்டுமென்றே' என்ற சொல்லில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. கட்டளை கையில் கிடைக்காதவரையும், செய்ய முயன்றும் முடியாதவரையும் இதில் பிடிக்க முடியாது. ஆனால் 'கட்டளை பிழை' என்பது சாட்டாகாது. பிழையென்றால் மேன்முறையீடு செய்யலாம். அது மாற்றப்படும்வரை கீழ்ப்படிந்தே ஆகவேண்டும்.

செய்ய முடியாதவருக்கு ஓர் உதாரணம்: உயிர்த்த ஞாயிறு தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தச் சொன்னது. கொடுத்த அவகாசம் ஆறு மாதம். அதற்குள் அவர் கட்டி முடிக்கவில்லை. தவணை முறையில் கட்ட அனுமதி கேட்டு நீதிமன்றத்துக்கே போனார். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அந்தத் தாமதம் கொடுமைதான். ஆனாலும் முடியாதவர் போகவேண்டிய வழி அதுவே.

முல்லைத்தீவு நீராவியடிப் பிள்ளையார் கோவிலில் நடந்தது வேறு. 2019 செப்டெம்பர் 23 அன்று, இறந்த பிக்குவின் உடலைக் கோவில் வளவில் எரிக்காமல் வேறோரிடத்தில் எரிக்கும்படி நீதிமன்றம் கட்டளையிட்டது. அன்றே, பொலிஸார் நிற்க, கோவில் கேணியடியில் எரித்தார்கள். கட்டளையை எடுத்துச் சொன்ன சட்டத்தரணிகள் தாக்கப்பட்டார்கள். உடல் எரிந்த பிறகு எந்தக் கட்டளையாலும் எதையும் பழையபடி ஆக்க முடியாது. அதே மாவட்டத்துக் குருந்தூர்மலையிலும் தடையை மீறி விகாரைக் கட்டுமானம் நடந்ததாக 2023 ஓகஸ்ட் 31 அன்று நீதிமன்றம் கண்டது. அடுத்த மாதமே அந்தக் கட்டளையிட்ட முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜா உயிர் அச்சுறுத்தலையும் மன அழுத்தத்தையும் காரணம் காட்டிப் பதவி விலகி நாட்டைவிட்டே போனார். கட்டளை போட்டவர் ஓடவேண்டி வந்த நாட்டில் நாரந்தனைக் காணிக்காரர் எதை நம்பி நீதிமன்றப் படியேறுவார்? இந்தக் கேள்வியை எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

ஆனாலும் சட்டத்தில் வழி இருக்கிறது. நீதவான் மன்றுக்கு வெளியே நடக்கும் அவமதிப்பை, அரசியலமைப்பின் 105(3) உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றம் விசாரிக்கலாம். 2024 இல் 8 ஆம் இலக்கச் சட்டமாக அவமதிப்புக்கென்றே தனிச் சட்டமும் வந்துவிட்டது. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கவேண்டும் என்பதால் கையில் சான்று வேண்டும்: கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதி, அது மற்றவரிடம் சேர்ந்த நாள், பிடுங்கிய வேலியின் படம், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம். அதுவரை அந்தக் கதியாலை நீங்களே திரும்ப நடப்போகாதீர்கள். கட்டளை உங்களையும் கட்டுப்படுத்துகிறது.